விலகி எங்கே நிற்பது?

திருகோணமலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகளின் கடவுச்சீட்டுகளை ஒரு மேசையில் அடுக்கினால், ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். ஒஸ்லோவில் இருக்கும் சித்தப்பா, சூரிச்சில் இருக்கும் மாமி, கோப்பன்ஹேகனில் இருக்கும் மச்சான், பாரிஸில் இருக்கும் பெரியம்மாவின் மகள், லண்டனில் இருக்கும் அண்ணன். எல்லாரும் நமக்கு 'வெளிநாட்டுக்காரர்'. ஆனால் அவர்கள் வாழும் ஐந்து நாடுகளும் அந்த ஒன்றியத்தோடு ஐந்து விதமான உறவு வைத்திருப்பவை.

பிரான்ஸ் முழு உறுப்பினர். பொருளும் ஆளும் தடையின்றிப் போகும் பொதுச் சந்தை, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு ஒரே தீர்வை போடும் சுங்க ஒன்றியம், எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வலயம், யூரோ நாணயம் என்று நாலு வாசலுக்கும் உள்ளே இருக்கிறது. டென்மார்க்கும் உறுப்பினர்தான். ஆனால் 1992இல், ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்து, விதிவிலக்குகளை எழுதி வாங்கிய பிறகுதான் 1993இல் அதை ஏற்றார்கள். அதனால் அங்கே இன்றும் குரோனர் புழங்குகிறது. நோர்வே உறுப்பினரே அல்ல. 1972இலும் 1994இலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். இருந்தாலும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் வழியாகப் பொதுச் சந்தைக்குள் இருக்கிறது, ஷெங்கனிலும் இருக்கிறது, அதற்காகப் பணமும் கட்டுகிறது. சுங்க ஒன்றியத்தில் மட்டும் இல்லை. ஆகவே சுவீடன் எல்லையைக் கடக்கும் லொறிக்குச் சுங்கப் பத்திரம் வேண்டும். காரில் போகும் குடும்பம் வழமையாக நிற்கத் தேவையில்லை. சுவிஸ் அந்தப் பொருளாதார வலயத்துக்குள்ளும் போகவில்லை. 1992 டிசம்பரில் 50.3 வீதத்தினர் மறுத்தார்கள். அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்களால் உறவைக் கட்டிக்கொண்டது, ஷெங்கனில் சேர்ந்தது. பிரித்தானியா 2021 ஜனவரி 1 முதல் இந்த நாலு வாசலுக்கும் வெளியே நிற்கிறது. கையில் இருப்பது ஒரு வர்த்தக ஒப்பந்தம்.

பள்ளிக்கூட விவாத மேடையிலும் தேநீர்க் கடையிலும் 'ஒரு நாடு ஒன்றியத்தை விட்டு விலகலாமா?' என்று பேச்சு எழுந்தால், ஒரு பக்கம் இறைமை என்கிறது, மறுபக்கம் பொருளாதாரம் என்கிறது. இரண்டு பக்கமும் மேசையில் கிடக்கும் ஐந்து கடவுச்சீட்டுகளைப் பார்ப்பதில்லை. விலகல் என்றால் எந்த வாசலால் வெளியேறி எந்த இடத்தில் நிற்பது? நோர்வே நிற்கும் இடத்திலா, சுவிஸ் நிற்கும் இடத்திலா, சுங்க ஒன்றியத்தில் மட்டும் ஒட்டியிருக்கும் துருக்கியின் இடத்திலா, முற்றத்துக்கும் வெளியே தெருவிலா? இதை எழுதிக் காட்டாதவரை விலகலை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது இது ஒன்றைத்தான்.

பிரித்தானியாவில் பிசகியதும் இங்கேதான். 2016 ஜூன் 23ஆம் திகதி வாக்குச்சீட்டில் இருந்த தெரிவு இரண்டு: ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பது, ஒன்றியத்தை விட்டு விலகுவது. 72.2 வீதம் பேர் வாக்களித்தார்கள். விலக வேண்டும் என்றவர்கள் 51.9 வீதம், ஏறத்தாழ 1 கோடி 74 இலட்சம் பேர். அவர்களில் நோர்வே போல இருக்கலாம் என்று நினைத்தவரும் உண்டு, எல்லாக் கதவையும் அடைக்க வேண்டும் என்று நினைத்தவரும் உண்டு. சீட்டில் இருவருக்கும் ஒரே கட்டம். விளைவு 2019இல் தெரிந்தது. அன்றைய பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த விலகல் உடன்படிக்கை ஜனவரி 15இல் 202க்கு 432 என்று தோற்றது, மார்ச்சில் இன்னும் இரண்டு தடவை தோற்றது. மார்ச் 27இல் பாராளுமன்றம் எட்டு மாற்று யோசனைகளை ஒரே மாலையில் வாக்குக்கு விட்டது. ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சுங்க ஒன்றியத்தில் தொடரலாம் என்ற யோசனை ஒரு சில வாக்குகளால் விழுந்தது. அந்த எட்டும் மூன்று வருடத்துக்கு முன்னரே பொதுமேடையில் பேசித் தீர்த்திருக்க வேண்டியவை.

நோர்வேயும் சுவிஸும் இந்த இடத்தில் கவனமாக இருந்தன. நோர்வே மக்கள் இரண்டு முறையும் வாக்களித்தது பேசி முடித்து எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் மேல். 1992இல் சுவிஸ் மக்கள் முன்னாலும் ஒப்பந்தம் இருந்தது. வேண்டாம் என்றவர்களுக்கு எதை வேண்டாம் என்கிறோம் என்பது தெரியும். நம் ஊரில் உறுதியைப் பார்க்காமல் யாரும் காணிக்கு முற்பணம் கொடுப்பதில்லை.

சரி, எழுதுவது என்றால் எதை எழுதுவது? மீனில் இருந்து தொடங்குகிறேன். காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் விலகல் வரலாறு முழுக்க மீன் வாடை வீசுகிறது. நோர்வே இரண்டு முறையும் விலகி நின்றதில் வடக்குக் கரை மீனவர்களின் எதிர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்து 1982இல் வாக்கெடுத்து 1985 பெப்ரவரி 1இல் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறியதும் தன் கடலில் யார் மீன் பிடிப்பது என்ற கேள்வியால்தான். பிரித்தானியப் பொருளாதாரத்தில் மீன்பிடியின் பங்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இருந்தும் 2020 டிசம்பர் 24 வரை வர்த்தக ஒப்பந்தத்தை இழுத்தடித்த விடயங்களில் மீனும் ஒன்று. கொட்பேத் துறைமுகத்திலோ நிலாவெளிக் கரையிலோ இருப்பவருக்கு இது வியப்பாக இருக்காது. வெளியூர்ப் படகு வந்து பருவத்துக்கு வாடி போட்டால் கரையில் எழும் கோபத்தை மொத்தத் தேசிய உற்பத்தியில் எத்தனை வீதம் என்று கேட்டு அடக்க முடியாது.

விலகல் பக்கத்தின் மிக வலுவான வாதமும் ஒரு மீன் வழக்கில்தான் இருக்கிறது. ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு மீன் என்று ஒதுக்கீடு வகுத்தது. ஸ்பெயின் உரிமையாளர்கள் தங்கள் படகுகளைப் பிரித்தானியப் படகுகளாகப் பதிந்து, பிரித்தானிய ஒதுக்கீட்டில் பிடித்தார்கள். அதைத் தடுக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1988இல் வணிகக் கப்பல் சட்டம் இயற்றியது. ஃபாக்டர்ட்டேம் என்ற கம்பனி வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் வழிகாட்டலின்படி 1990இல் பிரித்தானிய நீதிமன்றமே தன் பாராளுமன்றத்தின் சட்டத்தைச் செயற்படாமல் நிறுத்தியது. தாங்கள் தெரிந்தெடுத்த பாராளுமன்றம் தங்கள் கடலுக்கு இயற்றிய சட்டம் செல்லாது என்று ஒரு மீனவருக்குச் சொன்னால் அவர் எப்படி உணர்வார்? இருப்பதை ஆதரிக்கும் பேச்சாளர் இந்த வழக்கைத் தாண்டி ஓடக்கூடாது. நேராக நின்று பதில் சொல்ல வேண்டும். பதிலும் இருக்கிறது: எந்த நாட்டவர் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற அதே விதிதான் பிரித்தானியக் கம்பனி ஸ்பெயினிலோ ஜேர்மனியிலோ கடை திறக்கும்போது அதைப் பாதுகாத்தது. ஒருவர் கையைக் கட்டும் கயிறு எதிராளியின் கையையும் கட்டுகிறது. ஆனால் அந்த நன்மை வேறு ஊரில் வேறு ஆளுக்குப் போகிறது, இழப்பு மட்டும் இந்தக் கரையில் இறங்குகிறது. அதை ஈடுசெய்ய ஒன்றியமோ நாட்டு அரசோ என்ன செய்தது என்பதுதான் உண்மையான கேள்வி.

இனி மறுபக்கம். விலகிய பிறகு கடல் திரும்பி வந்ததா? ஒப்பந்தப்படி, பிரித்தானியக் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடிக்கும் மீனின் பெறுமதியில் 25 வீதம், ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகப் பிரித்தானியாவுக்கு மாற வேண்டும். அந்தக் கெடு 2026 ஜூன் 30. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதி 2038 ஜூன் 30 வரை நீட்டப்பட்டது. காரணம் எளிது. பிரித்தானியர் பிடிக்கும் மீனில் பெரும்பங்கை அவர்கள் சாப்பிடுவதில்லை. ஸ்கொட்லாந்தின் சிங்கிறால் வகைகளும் சிப்பிகளும் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் போகின்றன. கடல் ஒருவர் கையில், சந்தை இன்னொருவர் கையில். கடலை வைத்து மிரட்டினால் சந்தை கதவைச் சாத்தும்.

சந்தை எப்படிச் சாத்துகிறது என்பதை ஒரு லொறியைப் பின்தொடர்ந்தால் பார்க்கலாம். 2020 டிசம்பர் வரை ஸ்கொட்லாந்தில் மாலை ஏற்றிய இறால் மறுநாள் பிரெஞ்சுச் சந்தையில் இருக்கும். உள்நாட்டுக்குள் அனுப்புவது போல விலைப்பட்டியல் போதும். 2021 ஜனவரியிலிருந்து ஏற்றுமதியாளருக்குச் சுங்கப் பதிவு இலக்கம் வேண்டும். ஏற்றுமதிப் பிரகடனம் வேண்டும். எந்தப் படகு, எந்தக் கடல், எப்போது பிடித்தது என்று சொல்லும் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதில் அதிகாரமுள்ள அலுவலர் ஒப்பமிட வேண்டும். பிரான்ஸ் பக்கத்தில் முன்னறிவித்தல், இறக்குமதிப் பிரகடனம், எல்லைச் சோதனை நிலையம். ஒரே லொறியில் பத்து வியாபாரிகளின் பெட்டிகள் இருந்தால், ஒருவரின் பத்திரத்தில் ஒரு பிழை இருந்தாலும் பத்துப் பேரின் மீனும் நிற்கும். தீர்வை ஒரு சதமும் இல்லாத ஒப்பந்தம்தான் அது. ஆனாலும் அந்த ஜனவரியில் மீன் பழுதாகியது, 18ஆம் திகதி மீன் லொறிகள் லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகே வந்து நின்றன. சுத்திகரிக்கப்படாத உயிர்ச் சிப்பி வகைகளுக்கு இன்னும் மோசம். பல கரைகளில் எடுத்ததை அப்படியே ஒன்றியத்துக்கு அனுப்ப வழியே இல்லாமல் போனது. வெளிநாடு ஒன்றிலிருந்து அப்படி வரக்கூடாது என்ற விதி முன்னரே இருந்தது. பிரித்தானியா உறுப்பினராக இருந்தபோது தானும் சேர்ந்து காத்த விதி அது. வெளியே வந்ததும் அதே விதி தன் மேல் விழுந்தது.

இந்தப் பத்திரங்கள் நமக்குப் புதியவை அல்ல. இலங்கையில் பிடிக்கப்படும் சூரை கட்டுநாயக்காவில் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால், 2010 ஜனவரி 1 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான ஒன்றியத்தின் விதி அது. இலங்கைக்கு 2012இல் எச்சரிக்கை வந்தது, 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை வந்தது, 2015 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடலுக்குப் போகும் நம் படகுகளை இலங்கை கண்காணிக்கவில்லை, மீறியவர்களுக்குப் போதிய தண்டனை இல்லை என்பது குற்றச்சாட்டு. பலநாள் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பூட்டி, சட்டத்தைத் திருத்தி, 2016இல்தான் தடை நீங்கியது. பிரஸ்ஸல்ஸில் அந்த விதியை எழுதும்போது நம்மிடம் வாக்கில்லை. எழுதிய பிறகு கீழ்ப்படியாமல் இருக்கும் வசதியும் இல்லை. பெரிய சந்தைக்கு அருகே சிறிய நாடாக இருப்பதன் நிலை இது. விலகினால் சட்டம் நம் கைக்கு வரும் என்று பேசுகிறவர்களுக்கு இந்த அனுபவத்தைச் சொல்ல மிகத் தகுதியானவர்கள் நம் மீன் ஏற்றுமதியாளர்கள்.

அடுத்து, மேடைகளில் யாரும் தொடாத ஒன்று: பிறப்பிட விதி. தீர்வையில்லா ஒப்பந்தம் என்றால் அந்த நாட்டில் பிறந்த பொருளுக்கு மட்டும்தான் தீர்வை இல்லை. இலங்கை இந்தியா சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, பொருளின் பெறுமதியில் குறைந்தது 35 வீதம் இலங்கையில் சேர வேண்டும் என்றிருந்தது. இந்தியா பாமெண்ணெய்க்கு அதிக தீர்வை வைத்திருந்ததால், இங்கே அதை இறக்கி வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் முளைத்தன. செம்பிலும் அதே கதை. இந்திய உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள், இந்தியா கட்டுப்பாடு போட்டது, ஆலைகள் மூடின. ஒப்பந்தம் இருக்கும்போதே தொழில் செத்தது. சுங்க ஒன்றியத்துக்குள் இந்தப் பிரச்சினை எழாது, ஏனெனில் வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லா உறுப்பினரும் ஒரே தீர்வைதான் போடுவார்கள். வெளியே வந்த அன்றே எழும்.

லண்டன் தமிழ் மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பொருளை லண்டனில் இறக்கி, அங்கிருந்து பாரிஸ் லா சப்பேலில் உள்ள கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது முன்னர் சாதாரண வேலை. ஒருமுறை தீர்வை கட்டினால் ஒன்றியம் முழுக்கச் சுதந்திரமாகப் போகும். இப்போது அந்தப் பொருள் பிரித்தானியாவில் பிறந்ததல்ல. ஆகவே பிரித்தானிய ஒப்பந்தத்தின் சலுகை அதற்கு இல்லை. லண்டனில் இறக்கிச் சுங்கம் முடித்துவிட்டதால் இலங்கைப் பொருள் என்ற சலுகையையும் பிரான்ஸில் கேட்க முடியாது. தீர்வையுள்ள பொருளானால் பிரான்ஸில் தனியாகக் கட்ட வேண்டும். பாரிஸுக்கு வேண்டியதைப் பாரிஸுக்கே நேராக அனுப்பு என்பதுதான் வழி. சிறு கடைக்காரருக்குத் தனிக் கொள்கலன் நிரப்ப முடியாது. பயணப் பையிலும் இதே எல்லை உண்டு: லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் போகிறவர் மட்டன் ரோல்ஸ் கொண்டுபோகக் கூடாது. 2021 முதல் இறைச்சியும் பால் பொருளும் பிரித்தானியாவிலிருந்து பயணிகளின் கையில் ஒன்றியத்துக்குள் போக முடியாது. கருவாட்டுக்கு 20 கிலோ வரை இடமுண்டு.

ஆடைத் தொழிலில் இதே விதியின் நல்ல முகம் ஒன்றும் இருக்கிறது. விலகலை எதிர்ப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையில் இலங்கை ஆடைக்குத் தீர்வை இல்லை, சலுகை இல்லாவிட்டால் பொதுவாக 12 வீதம் வரை. ஆனால் வெளியே வாங்கிய துணியை இங்கே வெட்டித் தைத்தால் மட்டும் போதாது என்பதால் நம் ஆடைகளில் பெரும்பங்குக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பிரித்தானியா 2023 ஜூனில் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஜூலையில், இலங்கை போன்ற நாடுகள் துணியை எங்கிருந்து வாங்கினாலும் ஆடைக்குத் தீர்வை இல்லை என்று அறிவித்தது. 27 நாடுகளைச் சம்மதிக்க வைக்காமல் ஒரு நாடு தனியாக முடிவெடுத்ததால் வந்த வேகம் இது.

இதற்குள் நம்மைத் தொடும் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. ஜீ.எஸ்.பி. பிளஸ் பெற 27 சர்வதேசச் சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உட்பட மூன்று மனித உரிமைச் சமவாயங்களை இலங்கை சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது, 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. அன்று பிரித்தானியச் சந்தையும் அந்தத் தீர்மானத்துக்குள் அடங்கியது. இன்று அப்படி ஒரு நிறுத்தம் வந்தால் பிரித்தானியச் சந்தை திறந்தே இருக்கும். பிரித்தானியத் திட்டம் சலுகைக்கு முன்நிபந்தனையாகச் சமவாயங்களைக் கேட்பதும் இல்லை, மோசமான மீறலுக்கு இடைநிறுத்தும் அதிகாரத்தை மட்டும் வைத்திருக்கிறது. இலங்கை அரசை அசைக்க இருந்த ஒரு பெரிய நெம்புகோல் இரண்டு சிறிய நெம்புகோல்களாகிவிட்டது. ஆடைத் தொழிலாளிக்கு இது நன்மை, காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு இது இழப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிபவரின் பேச்சைத்தான் நான் நம்புவேன்.

பணக் கணக்கில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை, ஆனால் எண்ணைக் கையாளும் முறை முக்கியம். வாரம் 35 கோடி பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது என்று விலகல் பக்கத்தினர் 2016இல் பேருந்தின் பக்கத்தில் எழுதினார்கள். 1984இல் மார்கரட் தட்சர் வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தள்ளுபடிப் பணம் நாட்டை விட்டே போவதில்லை. திரும்பி வந்த விவசாய மானியங்களும் அதில் கழிக்கப்படவில்லை. பிரித்தானியப் புள்ளிவிபர அதிகார சபை அதைத் தவறான எண்ணம் தருவது என்றது. மறுபக்கம், விலகினால் உடனே பொருளாதாரம் சரியும் என்று திறைசேரி எச்சரித்ததும் அந்த வடிவில் நடக்கவில்லை. நடந்தது மெதுவான தேய்வு. நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன், ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவை விட 4 வீதம் குறைவாக இருக்கும் என்பதைப் பிரித்தானிய வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் தன் கணிப்புகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறது. அது கணிப்பு, அளந்த எண் அல்ல. கொரோனா காலத்தின் நடுவில் எல்லை மாறியதால் இரண்டின் பாதிப்பையும் பிரித்தெடுப்பது கடினம். உடனே அளக்கக்கூடியதாக இருந்தது நாணயம். வாக்கு எண்ணிய இரவில் பவுண் சுமார் 1.50 டொலரிலிருந்து 1.35க்கும் கீழே விழுந்தது. மாதம் 300 பவுண் வீட்டுக்கு அனுப்புகிறவரின் கையில் 45 டொலர் அந்த ஓர் இரவில் குறைந்தது. பிரிவுக் கணக்கும் உண்டு: உறுப்பினராக ஒப்புக்கொண்ட செலவுகளுக்காக 3,500 முதல் 3,900 கோடி பவுண் என்று பிரித்தானியத் திறைசேரியே மதிப்பிட்டது.

மனிதர் விடயத்தில் தமிழர் கண்ட அனுபவம் தனியானது. பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் பிரஜாவுரிமை பெற்ற பல தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் கோயில், கடை, உறவு என்ற சூழலுக்காகவும் லண்டனுக்கும் லெஸ்டருக்கும் குடிபெயர்ந்தார்கள். விசா தேவைப்படவில்லை, ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்டம் போதுமாக இருந்தது. 2016 வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு வதிவிட அனுமதி பெற்று அதே தெருவில் இருந்த தமிழருக்கு வாக்கு இருந்தது, பொதுநலவாய நாட்டுப் பிரஜை என்பதால். ஒரே தெருவில் தன் வாழ்க்கை புரளப்போகிறவருக்கு வாக்கில்லை, புரளாதவருக்கு உண்டு.

பிறகு அவர்கள் 2021 ஜூன் 30க்குள் குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு நிரந்தர நிலை, அதற்குக் குறைந்தவருக்கு முன்நிலை. பிசகிய இடங்கள் சில: பிள்ளைகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல் பெற்றோர் மட்டும் விண்ணப்பித்தது. பழைய நிரந்தர வதிவிட அட்டை கையில் இருக்கிறதே என்று விட்டது. அந்த அட்டை செல்லாது, அதை வைத்திருந்தவரும் விண்ணப்பித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் நின்று, அப்போதைய விதிப்படி தொடர்ச்சி அறுந்தது. விலகலை முன்மொழிகிறவர் இப்படிப்பட்ட ஒவ்வொரு நிலைக்கும் முன்கூட்டியே வாசகம் எழுத வேண்டும்: தானாக உரிமை தொடருமா, விண்ணப்பித்தால்தான் தொடருமா? பிரித்தானியா இரண்டாவதைத் தெரிந்தது. முதியவர்களும் எழுதப்படிக்கச் சிரமப்படுபவர்களும் தவறிப்போகும் வழி அது. குடிவரவு குறையும் என்ற வாக்குறுதியும் நிற்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வருவோர் குறைந்தார்கள், மற்ற நாடுகளிலிருந்து வருவோர் கூடினார்கள். 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டில் நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டியது.

காலக்கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆம் உறுப்புரை, விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் தருகிறது. அதற்குள் உடன்பாடு வராவிட்டால் ஒன்றுமில்லாமல் வெளியேற வேண்டும், நீட்டிப்புக்கு எஞ்சிய நாடுகள் எல்லாம் சம்மதிக்க வேண்டும். மணி ஓட ஓட வெளியேறுகிறவரின் பேரம் பேசும் பலம் குறையும். தெரேசா மே 2017 மார்ச் 29இல் கடிதம் கொடுத்தார், மூன்று மாதம் ஆகுமுன்னர் பொதுத்தேர்தலுக்குப் போய்ப் பெரும்பான்மையை இழந்தார். எங்கே நிற்பது என்று தன் பாராளுமன்றத்தோடு முடிவெடுக்காமல் மணியைத் தட்டியது, அந்த முழு நடவடிக்கையிலும் மிகப் பெரிய பிழை என்பது என் கருத்து. இலங்கை ஒரு பேரரசிலிருந்து வெளியேறிய விதம் இதற்கு நேர்மாறு. 1948இல் சுதந்திரம், ஆனால் 1947 பாதுகாப்பு உடன்படிக்கைப்படி திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியர் கையிலேயே இருந்தது. 1957இல் பண்டாரநாயக்க அரசு அதைத் திரும்ப எடுத்தது. லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி 1971இல் மூடப்பட்டது. 1972 மே 22இல் முடி போய்க் குடியரசு வந்தது, பொதுநலவாயத்தில் இருப்பது தொடர்ந்தது. 24 வருடம், துண்டு துண்டாக, மணி ஓடாமல். அந்தக் கடைசித் துண்டில் தமிழருக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பும் சேர்ந்து போனது: பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு புதியதில் இல்லை. வெளியேறும்போது மேலே இருந்த காப்புகளில் எவை உதிர்கின்றன என்று சிறுபான்மையினர் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு இல்லை.

எல்லை பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. அயர்லாந்துத் தீவில், பிரித்தானியாவின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றிய உறுப்பினரான அயர்லாந்துக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட வீதிகள் அதைக் கடக்கின்றன. நீண்ட மோதலை முடித்த 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி இல்லை. ஒரு வீதியில் சாவடி வந்தால் ஊரும் மனிதரும் எப்படி மாறுகிறார்கள் என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்க வேண்டாம். பிரித்தானியா மூன்று வாக்குறுதிகளை ஒன்றாகக் கொடுத்தது: பொதுச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறுவோம், அயர்லாந்தில் எல்லைச் சோதனை வராது, வட அயர்லாந்துக்கும் பிரித்தானியாவின் மற்றப் பகுதிக்கும் இடையே கடலில் சோதனை வராது. இரண்டைத்தான் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியும். மூன்றாவது கைவிடப்பட்டது. பொருட்கள் விடயத்தில் வட அயர்லாந்து ஒன்றியத்தின் விதிகளில் நிற்கிறது, சோதனை கடலுக்குப் போனது. 2023 பெப்ரவரி வின்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் பொருளுக்குப் பச்சை வழியும் அயர்லாந்துக்குப் போகக்கூடிய பொருளுக்குச் சிவப்பு வழியும் வைத்து அதை இலகுவாக்கியது. நம் ஊரில் அண்ணன் தம்பி காணி பிரிக்கும்போது உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்படும். எழுதாமல் வேலி போட்டால் அடுத்த மாரிக்கே வழக்கு. 2016 பிரசாரத்தில் இந்தக் கிணற்றைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

அந்த வாக்கெடுப்பில் ஸ்கொட்லாந்து 62 வீதமும் வட அயர்லாந்து 55.8 வீதமும் ஒன்றியத்தில் இருக்க விரும்பின. ஒரே குவியலாக எண்ணியதால் அந்த விருப்பத்துக்குத் தனிப் பெறுமதி இல்லை. 1982 டிசம்பர் 22இல் இலங்கையில் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பிலும் அப்படித்தான். பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டக் கேட்டார்கள்; ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நாடு முழுக்க விளக்குக்கு 54.66 வீதம். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது, அது எண்ணிக்கையில் கரைந்துபோனது. எங்கே எண்ணுவது, யாருக்கு வாக்கு, எத்தனை வீதம் வேண்டும் என்ற மூன்றும் விடையைப் பாதி தீர்மானித்துவிடும். விவாதத்தில் இவற்றைக் கடைசியில் அல்ல, முதலில் கேளுங்கள். என் பரிந்துரை: இரண்டு வாக்கெடுப்பு, ஒன்று கொள்கைக்கு, மற்றது எழுதி முடித்த உடன்படிக்கைக்கு, இரண்டாவதில் எல்லையோடு வாழும் பகுதியின் சம்மதம் தனியாக எண்ணப்பட வேண்டும்.

திருகோணமலை இத்தகைய வாக்கெடுப்பு ஒன்றுக்காகக் காத்திருந்த ஊர். 1987 ஜூலை 29 இலங்கை இந்திய உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது, அந்த மாகாண சபையின் தலைமையிடம் இங்கே அமைந்தது. இணைந்தே இருப்பதா, தனியாவதா என்று கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31க்குள் வாக்களிக்க வேண்டும், சாதாரண பெரும்பான்மை போதும், ஜனாதிபதி விரும்பினால் ஒத்திவைக்கலாம் என்று அதில் இருந்தது. கிழக்கின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் அந்தக் கேள்விக்கு வேறுவேறு பதில்கள் இருந்தன. வருடா வருடம் ஒத்திவைத்து, ஒருபோதும் நடக்கவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது, 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணங்கள்.

வட அயர்லாந்தில் கேள்வி கேட்கப்படும் திகதி பிரித்தானியாவின் விலகல் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றியத்தின் பொருள் விதிகள் அங்கே தொடரலாமா என்று வட அயர்லாந்துச் சட்டசபை 2024 டிசம்பர் 10இல் வாக்களித்தது. ஆம் 48, இல்லை 36. பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் சமூகம், அயர்லாந்தோடு சேர விரும்பும் சமூகம் என்ற இரண்டின் பெரும்பான்மையும் சேர்ந்து ஆதரித்திருந்தால் எட்டு வருடத்துக்குக் கேள்வி திரும்ப வந்திருக்காது. ஒரு பக்கம் எதிர்த்ததால் நாலு வருடம்தான். அடுத்த வாக்கு 2028இல்.